11ஆம் தேதியும் மூன்று அழைப்புகளும்: ஒரே நேரத்தில் பல வேலை பார்ப்பதால் உண்மையில் வேலை கூடுகிறதா, குறைகிறதா?

#1 — பேரேடு (திருப்பூர்)

அனைவருக்கும் வணக்கம். பின்னலாடைத் துணி விற்கும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். சென்ற மாதம் நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டு என் கேள்விக்கு வருகிறேன்.

11ஆம் தேதி, மாத விற்பனை விவரங்களைத் தரும் ஜிஎஸ்டி படிவமான ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்யக் கடைசி நாள். காலை பத்து மணியிலிருந்து விற்பனை இன்வாய்ஸ்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு நடுவே வங்கியிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. லாரி வாடகையைப் பற்றி ஓட்டுநர் வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டே இருந்தார். புதிதாகச் சேர்ந்த பையன் டேலி கணக்கு மென்பொருளில் வவுச்சர் போடுவது எப்படி என்று பக்கத்து நாற்காலியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தான். எல்லாருக்கும் பதில் சொன்னேன். மாலைக்குள் ரிட்டர்னும் போய்விட்டது. அன்று வீட்டுக்குப் போகும்போது, இத்தனையையும் ஒரே நாளில் முடித்துவிட்டோமே என்று மனத்துக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

ஆனால் அன்று ஒரு பிழையும் செய்திருக்கிறேன்: ஈரோட்டுப் பார்ட்டியின் இன்வாய்ஸ் ஒன்றைக் கரூர்ப் பார்ட்டியின் ஜிஎஸ்டி எண்ணில் ஏற்றியிருக்கிறேன். இரண்டு நிறுவனங்களின் பெயர்களும் ஒரே சொல்லில் தொடங்குபவை. பதினைந்து இலக்க எண்கள் இரண்டும் தமிழ்நாட்டுக்குரிய 33இல் தொடங்குபவை. இரண்டுமே மாநிலத்துக்குள் நடந்த விற்பனை என்பதால் வரி பிரியும் விதமும் ஒன்றே. எனவே கூட்டுத்தொகையில் எந்தக் குறையும் தெரியவில்லை. 14ஆம் தேதி 2பி (வாங்கியவரின் எண்ணில் ஏறிய பில்களை அவருக்குக் காட்டும் ஜிஎஸ்டி அறிக்கை) வெளியான பிறகு, 16ஆம் தேதி ஈரோட்டுக்காரர் அழைத்து, “எங்க பில் எங்கம்மா?” என்று கேட்டபோதுதான் தெரிந்தது. அடுத்த மாத ரிட்டர்னில் திருத்தம் போட்டுவிடலாம் என்பது வேறு விஷயம். அதுவரை அவருக்கு உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்வது) கிடைக்காது, அந்தக் கோபத்தை நான்தான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

இதற்குப் பத்து நாள் கழித்து ஆண்டு மதிப்பீட்டுப் படிவம் வந்தது. அதில் ‘பல பணிகளை ஒரே நேரத்தில் கையாளும் திறன்’ என்று ஒரு வரி இருக்கிறது. அதில் எனக்கு ஐந்துக்கு இரண்டு போட்டிருக்கிறார்கள். என் குழப்பம் இதுதான்: அந்தத் திறன் எனக்குக் குறைவாக இருந்ததால் பிழை வந்ததா, அல்லது அந்தத் திறனைக் காட்ட முயன்றதால்தான் பிழை வந்ததா?

#2 — நிரலன் (சென்னை)

வணக்கம் அம்மா. நான் மென்பொருள் துறையில் இருப்பவன் என்பதால் அந்தச் சொல்லின் பிறப்பிடத்திலிருந்து தொடங்குகிறேன். ‘மல்டிடாஸ்கிங்’ (ஒரே நேரத்தில் பல வேலை பார்ப்பது) என்பது முதலில் மனிதரைக் குறித்த சொல்லே அன்று. 1960களின் நடுவில், ஐபிஎம் நிறுவனத்தின் சிஸ்டம்/360 கணினிகளை ஒட்டிப் புழக்கத்துக்கு வந்த தொழில்நுட்பச் சொல் அது. வேடிக்கை என்னவென்றால், ஒற்றைச் செயலி கொண்ட அந்தக் கணினிகூட எந்த நொடியிலும் ஒரே ஒரு வேலையைத்தான் செய்தது. ஒரு வேலையை நொடியில் சிறு பங்கு நேரம் செய்து, அது எங்கே நின்றது என்பதை அப்படியே குறித்துவைத்துவிட்டு, அடுத்ததற்குத் தாவி, மறுபடியும் திரும்பி வரும். பார்ப்பவருக்கு எல்லாம் ஒன்றாக ஓடுவதுபோலத் தெரியும்.

கணினிக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு அந்தக் ‘குறித்துவைத்தல்’தான். கணினி தாவும்போது கடைசித் துளிவரை எழுதிவைக்கிறது. நாம் எதையும் எழுதிவைப்பதில்லை, ‘எங்கே விட்டேன்?’ என்று தேடிக்கொண்டுதான் திரும்பி வருகிறோம். 1927இலேயே ஆர்தர் ஜெர்சில்டு என்ற உளவியலாளர், ஒரே வகைக் கணக்கைத் தொடர்ந்து போடுவதைவிட இரண்டு வகைகளை மாற்றி மாற்றிப் போடும்போது நேரம் கூடுவதை அளந்து காட்டினார். 2001இல் ரூபின்ஸ்டைன், மேயர், எவன்ஸ் ஆகிய மூவர் செய்த ஆய்வு, அந்தக் கூடுதல் நேரம் எதற்குப் போகிறது என்று பிரித்துப் பார்த்தது. ‘இனி இதைச் செய்யப் போகிறேன்’ என்று முடிவெடுப்பதற்கு ஒரு பங்கும், பழைய வேலையின் விதிகளை ஒதுக்கிவிட்டுப் புதிய வேலையின் விதிகளை மனத்தில் ஏற்றுவதற்கு ஒரு பங்கும் போகின்றன; விதிகள் சிக்கலானவையாக இருந்தால் இழப்பும் கூடும். வங்கிக்காரருக்குப் பதில் சொல்லிவிட்டு இன்வாய்ஸுக்குத் திரும்பிய அந்த இடைவெளியில் உங்களுக்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று: நினைவகம் போதாத கணினியில் அளவுக்கு மீறி நிரல்களை ஏற்றினால், தாவுவதிலேயே அதன் நேரம் முழுவதும் கழிந்து, உருப்படியான வேலை ஏறக்குறைய நின்றுவிடும். அதற்குத் ‘திராஷிங்’ என்று பெயர். கணினி மும்முரமாக இயங்கும், விளக்கு மினுக்கும், விசிறி இரையும், வேலை மட்டும் நகராது. அலுவலகங்களில் திங்கட்கிழமைக் காலைகளைப் பார்க்கும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

#3 — வார்டு_விளக்கு (தஞ்சாவூர்)

நான் செவிலியர். பேரேடு அக்கா, உங்களுக்குத் திருத்தம் போட அடுத்த மாதம் இருக்கிறது. எங்களுக்கு அப்படி இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மருத்துவமனையில் இரவு உணவுக்கு முன் இன்சுலின் போடும் நேரம். கையில் 40 யூனிட் வகைக் குப்பி, அதாவது ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் மருந்து. ஊசியை எடுக்கும்போது வார்டு தொலைபேசி அடித்தது. படுக்கை காலியாக இருக்கிறதா என்று கேட்டார்கள். தோளுக்கும் காதுக்கும் நடுவே ரிசீவரை இடுக்கிக்கொண்டு, “பதினான்கு காலி” என்று சொல்லிக்கொண்டே சிரிஞ்சை எடுத்துவிட்டேன். சிவப்பு மூடிக்குப் பதில் ஆரஞ்சு மூடி. அதாவது 100 யூனிட் வகை மருந்துக்கான சிரிஞ்ச். இருபது என்ற கோடுவரை மருந்தை இழுத்தால் நோயாளிக்கு உண்மையில் எட்டு யூனிட்தான் போய்ச் சேரும். இதற்கு நேர்மாறாக, 100 வகை மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்திருந்தால் இருபதுக்கு ஐம்பது போயிருக்கும். மூடியின் நிறம் கண்ணில் பட்டதால் அன்று தப்பினேன். வலது கை பழக்கத்தில் தானாக இயங்கியதே தவிர, அந்த நொடியில் நான் ஊசியோடு இல்லை, பதினான்காம் படுக்கையோடு இருந்தேன்.

2010இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வை அதன் பிறகுதான் படித்தேன். சிட்னியில் இரண்டு மருத்துவமனைகளில் 98 செவிலியர்கள் மருந்து கொடுப்பதைக் கூடவே நின்று கவனித்து எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் நடைமுறைத் தவறுகள் 12.1 சதவீதமும், மருத்துவத் தவறுகள் 12.7 சதவீதமும் கூடியிருந்தன. குறுக்கீடுகள் பெருகப் பெருகத் தவறின் கடுமையும் கூடியதாகவும் அதில் இருக்கிறது. அதிலிருந்து மருந்துத் தட்டு கையில் இருக்கும்போது யார் கூப்பிட்டாலும் நான் திரும்புவதில்லை. திமிர் பிடித்தவள் என்று வார்டில் ஒரு பெயர் உண்டு.

#4 — இலைச்சாப்பாடு (திருச்சி)

நான் மெஸ் நடத்துகிறேன். மேலே எழுதியவர்கள் சொல்வது சரியாக இருக்கலாம், ஆனால் ஒரே நேரத்தில் பல வேலை பார்க்கவில்லை என்றால் எங்கள் தொழிலே கிடையாது. ஒரு வேலை முடிந்து அடுத்த வேலை என்று இருந்தால் மதியச் சாப்பாடு மாலை ஐந்து மணிக்குத்தான் இலைக்கு வரும்.

காலை ஒன்பது மணிக்கு உலை வைத்து, பக்கத்து அடுப்பில் பருப்பைப் போட்டு, அது வேகும் நேரத்தில் காய் நறுக்கி, நறுக்கி முடிக்கும்போது அரிசி களைந்து போடுகிறோம். ஆனால் நன்றாகக் கவனித்தால், நான் அங்கே இரண்டு வேலை செய்வதில்லை. பருப்பு வேகும் வேலையை அடுப்பு செய்கிறது, நறுக்கும் வேலையை நான் செய்கிறேன். எந்த வேலை என்னை விட்டுவிட்டுத் தானாக நடக்குமோ அதைத்தான் அடுத்த வேலையோடு சேர்க்க முடியும்.

தாளிப்பை அப்படிச் சேர்க்க முடியாது. எண்ணெய் காய்ந்து, கடுகு வெடித்து, உளுத்தம்பருப்பு சிவக்கத் தொடங்கி, மிளகாயும் கறிவேப்பிலையும் போடும் அந்த அரை நிமிடத்தில் பார்சல் கேட்டு ஒருவர் வந்து நின்றால், அவர் நிற்க வேண்டியதுதான். ஒருமுறை திரும்பி, “எத்தனை பார்சல்?” என்று கேட்டேன், மிளகாய் கருகிவிட்டது, அந்தக் காரல் நெடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பத்துப் பேரும் இருமினார்கள். அன்றிலிருந்து கல்லாவில் இருப்பவரும் அடுப்படியில் இருப்பவரும் வேறு வேறு ஆள்.

#5 — நிர்வாகி_கோவை

இந்த இழையில் எல்லாரும் ஒரு பக்கமே பேசுவதால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. முப்பது பேர் வேலை பார்க்கும் ஒரு சிறு நிறுவனத்தை நடத்துகிறேன். தொலைபேசிக்கு ஒருவர், ரிட்டர்னுக்கு ஒருவர், வங்கிக்கு ஒருவர் என்று வைத்தால் சம்பளம் கொடுக்க என்னால் முடியாது. மதிப்பீட்டுப் படிவத்தில் நாங்களும் அந்த வரியை வைத்திருக்கிறோம், காரணத்தோடுதான் வைத்திருக்கிறோம்.

ஒன்றிலேயே கவனம் வைப்பதும் ஆபத்துதான் என்பதற்கு விமானத் துறையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. 1972 டிசம்பர் 29 இரவு, ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் 401ஆம் எண் விமானம் மயாமியில் இறங்க வந்தது. முன் சக்கரம் இறங்கிவிட்டதைக் காட்டும் சிறு விளக்கு எரியவில்லை. விமானி அறையில் இருந்த அத்தனை பேரும் அந்த விளக்கிலேயே மூழ்கிவிட்டார்கள். தானியங்கி ஓட்டம் உயரத்தைப் பிடித்து நிறுத்துவதிலிருந்து விலகியதையும் விமானம் மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்ததையும் யாருமே கவனிக்கவில்லை. ஃபுளோரிடாவின் சதுப்புநிலத்தில் விழுந்து ஏறத்தாழ நூறு பேர் இறந்தார்கள். எரியாமல் போனது ஒரு பல்பு, அவ்வளவுதான். ஒரே வேலையில் ஆழ்ந்துபோவதை இங்கே தவம்போலப் புகழ்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

மேலும், கலிஃபோர்னியாவைச் சேர்ந்த குளோரியா மார்க் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2008இல் வெளியிட்ட சோதனையில், குறுக்கீடுகளுக்கு ஆளானவர்கள் வேலையைத் தாமதமாக அல்ல, விரைவாகவே முடித்தார்கள். தரத்திலும் வேறுபாடு இல்லை. இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

#6 — வார்டு_விளக்கு

ஐயா, அந்த ஆய்வில் பாதியைத்தான் சொன்னீர்கள். விரைவாக முடித்தார்கள் என்பது உண்மை. அதற்கு விலையாக மன அழுத்தம், எரிச்சல், நேர நெருக்கடி, கூடுதல் உழைப்பு எல்லாம் ஏறியிருந்தன என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. அங்கே கொடுத்த வேலை மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதுவது. இன்சுலின் அன்று.

விமானக் கதையையும் முழுவதாகப் பார்க்க வேண்டும். அந்த விபத்திலிருந்து விமானத் துறை கற்றது, எல்லாரும் எல்லாவற்றையும் பாருங்கள் என்பதை அன்று. ஒருவர் பல்பைப் பார்த்தால் இன்னொருவர் விமானத்தை மட்டுமே ஓட்ட வேண்டும் என்பதை. 1981இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் இன்னொரு விதியும் போட்டது. பத்தாயிரம் அடிக்குக் கீழே பறக்கும்போதும் ஏறும்போதும் இறங்கும்போதும், விமானத்தை ஓட்டுவதற்குத் தேவையற்ற எந்தப் பேச்சும் வேலையும் கூடாது. ஓட்டுநர் அறைக்கே தாளிப்பு நேரம் என்று ஒன்று உண்டு, இலைச்சாப்பாடு அண்ணா.

#7 — வெண்பாப்_பித்தர் (நாகர்கோவில்)

ஓய்வுபெற்ற தமிழாசிரியன். அவதானக் கலையைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று காத்திருந்தேன். எவரும் எழுதாததால் நானே எழுதுகிறேன்.

எங்கள் இடலாக்குடியில் 1874இல் பிறந்தவர் செய்குத்தம்பிப் பாவலர். 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் அறிஞர் கூடிய அவையில் சதாவதானம் செய்து காட்டிப் பட்டம் பெற்றவர். நூறு பேர் நூறு விதமாகக் கவனத்தைக் கலைக்க, அத்தனைக்கும் விடை சொல்லும் கலை அது. ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பாக் கேட்பார். ஒருவர் கணக்குப் போடச் சொல்வார். ஒருவர் ஐயம் எழுப்புவார். இதற்கிடையே முதுகில் விழும் சிறு கற்களையும் ஒலிக்கும் மணியையும் எண்ணி இறுதியில் சொல்ல வேண்டும். ஒரே நேரத்தில் பல வேலை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று நம்மவர் கேட்பதுண்டு. நானும் நெடுங்காலம் அப்படித்தான் வகுப்பில் சொல்லிவந்தேன்.

இளமையில், எட்டு விதக் கவனத்தைக் காட்டும் ஓர் அட்டாவதான நிகழ்ச்சியை முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். அப்போது புரியாதது பின்னால்தான் புரிந்தது. அவதானிக்கு நாக்கு ஒன்றுதான். கேள்வி கேட்பவர்கள் முறைவைத்துத்தான் கேட்டார்கள். அவரும் ஒருவருக்கு ஓரடி சொல்லிவிட்டு அடுத்தவரிடம் திரும்பினார். திரும்புவதற்கு முன் கண்ணை மூடி, மிகச் சிறிய நேரம், உதட்டை அசைப்பார். அந்த அடியைத் தனக்குள் முளை அடித்துக் கட்டிவைக்கிறார் என்று என் பக்கத்தில் இருந்த பெரியவர் காதோடு சொன்னார். நிரலன் தம்பி சொன்ன ‘குறித்துவைத்தல்’ அதுவேதான். ஆகவே அவதானம் என்பது பல வேலையை ஒன்றாகச் செய்யும் கலை அன்று. விட்ட இடத்தை மறவாத கலை. அதற்குப் பல்லாண்டுப் பயிற்சி வேண்டும். அப்படிப் பயின்றவரும் மேடையில் சில மணி நேரமே அதைச் செய்தார். காலை ஒன்பது முதல் மாலை ஆறுவரை, ஆண்டு முழுவதும் செய்யும்படி அவரை எந்த நிர்வாகியும் கேட்கவில்லை.

#8 — நிரலன்

வாத்தியார் ஐயா சொன்னதற்கு ஒரு துணைச் செய்தி. 1976இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்களுக்கு, கதை படித்துக்கொண்டே காதில் விழும் சொற்களை எழுதப் பயிற்சி கொடுத்தார்கள். முதலில் படிப்பும் கெட்டது, எழுத்தும் கெட்டது. வாரம் ஐந்து மணி நேரம் என்று பல வாரங்கள் பயின்ற பிறகு பழைய வேகத்தில் பொருள் விளங்கப் படித்துக்கொண்டே எழுதினார்கள். எனவே முடியவே முடியாது என்பதில்லை. குறிப்பிட்ட இரண்டு வேலைகளை இணைத்துப் பல மாதம் பயின்றால் முடியும். ஆனால் அலுவலகத்தில் அடுத்த அழைப்பு எதைப் பற்றியது என்பதே நமக்குத் தெரியாதே, எதைப் பயில்வது?

பயிற்சி இல்லாமலே இயல்பில் அப்படி அமைந்தவர்களும் உண்டு. 2010இல் வாட்சன், ஸ்ட்ரேயர் இருவரும் 200 பேரைக் கார் ஓட்டும் பாவனைக் கருவியில் உட்காரவைத்து, கையில் பிடிக்கத் தேவையில்லாத தொலைபேசியில் மனக்கணக்குக் கேட்டார்கள். இரண்டிலும் சறுக்காதவர்கள் 2.5 சதவீதம், அதாவது ஐந்து பேர். அந்த ஐவரில் நானும் ஒருவன் என்று மீதி 195 பேரும் நம்பியிருப்பார்கள் என்பது என் சொந்த ஊகம்.

#9 — மிதிவண்டி

தையல் இயந்திரத்தில் உட்கார்ந்தால் எனக்கு வானொலி இல்லாமல் கை ஓடாது. அதுவும் தவறா?

#10 — இலைச்சாப்பாடு

அது தவறில்லை தம்பி. பாட்டு உங்களிடம் பதில் கேட்பதில்லை. நேயர் கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கினால் தையல் கோணும்.

#11 — நிர்வாகி_கோவை

நான் சொன்னதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுகிறேன். நேற்று என் அலுவலகத்தில் கணக்கு பார்க்கும் பெண்மணியின் மேசைக்கு எதிரே ஒரு மணி நேரம் வேறு வேலையாக இருப்பதுபோல உட்கார்ந்திருந்தேன். பதினேழு முறை யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். அதில் ஆறு முறை கூப்பிட்டது நானே அனுப்பிய ஆட்கள். மற்றதில் பெரும்பாலானவை மதியத்துக்கு மேல் கேட்டாலும் குடி முழுகாத கேள்விகள். ஆனாலும் வாடிக்கையாளர் அழைப்பை எடுக்காமல் இருக்க முடியாது என்பதில் நான் மாறவில்லை. யார் எடுப்பது என்பதுதான் இப்போது என் கேள்வி.

#12 — பேரேடு

எழுதிய அனைவருக்கும் நன்றி. இரண்டு மாதம் கழித்து வருகிறேன். இடையில் இரண்டு 11ஆம் தேதிகள் போய்விட்டன.

அலுவலகத்தில் பேசிப் பார்த்தேன். நாள் முழுவதும் தொலைபேசியைத் தள்ளிவைக்க ஒப்புக்கொள்ளவில்லை, நானும் அதைக் கேட்கவில்லை. மாதத்தில் மூன்று நாள் மட்டும், 9, 10, 11ஆம் தேதிகளில், காலை பத்திலிருந்து பன்னிரண்டுவரை என் மேசைத் தொலைபேசியைப் புதிய பையன் எடுக்கிறான். அவனுக்குத் தெரியாததைக் குறித்துவைத்துப் பன்னிரண்டு மணிக்குத் தருகிறான். முதல் நாள் ஒன்பது குறிப்புகள் இருந்தன. நான் திரும்ப அழைத்தபோது நான்கு பேர், “அதெல்லாம் முடிஞ்சுதும்மா” என்று சொல்லிவிட்டார்கள்.

மற்ற நாள்களில் வாத்தியார் ஐயா சொன்ன முளை அடிக்கும் வழியைப் பின்பற்றுகிறேன். யாராவது கூப்பிட்டால் உடனே திரும்புவதில்லை. “ஒரு நிமிஷம்” என்று சொல்லி, பென்சிலால் இன்வாய்ஸ் எண்ணையும் அடுத்துப் பார்க்க வேண்டியதையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிவிட்டுத்தான் தலையைத் தூக்குகிறேன். ‘218 முடிந்தது, 219 ஜிஎஸ்டி எண் பார்க்க’ என்ற அளவில்தான் இருக்கும். எழுத ஐந்து நொடிகூட ஆவதில்லை. இதைப் படித்த என் அக்காள் மகன், சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2018இல் இன்னொருவரோடு சேர்ந்து ஏறக்குறைய இதையே சோதித்திருப்பதாகக் காட்டினான்: விட்ட இடத்தையும் திரும்பியதும் செய்ய வேண்டியதையும் எழுதிவிட்டுப் போனவர்களின் மனம் பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கவில்லையாம். அந்த ஆய்வாளருக்கு இந்தத் துண்டுத் தாள்களை அனுப்பிவைக்கலாம் போலிருந்தது.

இரண்டு ரிட்டர்ன்களிலும் இதுவரை எந்தப் பார்ட்டியும் அழைக்கவில்லை. இரண்டு மாதத்தை வைத்து எதையும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது என்பதும் தெரியும்.

#13 — நிர்வாகி_கோவை

படிவத்தில் அந்த வரி இன்னும் இருக்கிறதா அம்மா?

#14 — பேரேடு

இருக்கிறது ஐயா. ‘பணியாளர் கருத்து’ என்ற கட்டத்தில், ‘பத்திலிருந்து பன்னிரண்டுவரை நீங்கலாக’ என்று எழிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அவசரத்தில் ‘எழுதி’ என்பதை மேலே ‘எழி’ என்று தட்டிவிட்டேன், மன்னிக்கவும். ஈரோட்டுக்காரர் அழைப்பில் இருக்கிறார்.